டல்விங்கின் கட்டுரைப் பட்டியலை எந்த முனையிலிருந்து படிப்பது?

கோபி வாசகி, 9 ஜூன் 2025, இரவு 8.50

ஏனுங்ணா, ஒரு சந்தேகமுங்க. பிஎச்டி கோர்ஸ்வொர்க்குல நினைவாற்றல் ஆய்வாளர் ஒருத்தரை எடுத்து, அவர் வெளியிட்டதை எல்லாம் எடை போட்டு 15 பக்கம் எழுதச் சொல்லியிருக்காங்க. நான் எண்டல் டல்விங்கை எடுத்திருக்கேன். கூகுள் ஸ்காலர்ல மேற்கோள் எண்ணிக்கைப்படி வரிசை வெச்சு முதல் 10ஐப் படிச்சாப் போதும்தானுங்களே? அதிகம் மேற்கோள் வாங்குனதுதானே முக்கியமானது?

மருதமலைச் சாலை, 9 ஜூன், இரவு 10.15

போதாதுங்க. மேற்கோள் வரிசை போட்டால் கோட்பாட்டு எழுத்தும் நூலும் மேலே மிதக்கும். சோதனை செய்து தரவு தந்த கட்டுரைகள் கீழே போய்விடும். டல்விங் என்ன நினைத்தார் என்பது கிடைக்கும். ஏன் அப்படி நினைத்தார், எதைப் பார்த்து மனம் மாறினார் என்பது கிடைக்காது. அவர் பட்டியலின் மதிப்பே அந்த மாற்றத்தில்தான் இருக்கிறது.

வரிசையை ஆண்டுப்படி மாற்றுங்க. ஒரு எக்செல் தாளில் ஆறு பத்தி (மேலிருந்து கீழாக ஓடும் கட்ட வரிசை) போடுங்க: ஆண்டு, எந்த வகை (தரவுக் கட்டுரை, கோட்பாடு, மதிப்புரை, நூல் அத்தியாயம்), எத்தனை பேரை வைத்துச் செய்தது, என்ன பணி கொடுத்தது, ஒரே வாக்கியத்தில் என்ன கோரிக்கை, பின்னால் அந்தக் கோரிக்கைக்கு என்ன ஆயிற்று. ஆறாவது பத்திதான் உங்க 15 பக்கம். மற்ற ஐந்தும் அதற்குப் போட்ட வரப்பு.

எல்லாக் கட்டுரையும் தேவையில்லை. ஒரே ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்டு அது போகிற வழியே போனால் 20, 25 வரி சேரும். டல்விங்கில் அப்படிப் பிடிக்க இரண்டு கயிறு உண்டு. ஒன்று நிகழ்வு நினைவு (நமக்கு நடந்தது), பொருள் நினைவு (பொதுவாகத் தெரிந்தது) என்ற பிரிவு. இன்னொன்று பதியும்போது கூட இருந்த குறிப்புதான் மீட்கும்போது கைகொடுக்கும் என்ற கொள்கை.

மருதமலைச் சாலை, 9 ஜூன், இரவு 10.40

விட்டுப்போனது. தேடும்போது இதழ்களின் பெயர் மாற்றம் கவனம். அவருடைய 1960களின் பல கட்டுரைகள் வந்த 'ஜர்னல் ஆஃப் வெர்பல் லேர்னிங் அண்ட் வெர்பல் பிஹேவியர்' 1962ல் தொடங்கியது. 1985ல் இருந்து அதே இதழ்தான் 'ஜர்னல் ஆஃப் மெமரி அண்ட் லேங்வேஜ்'. தொகுதி எண் தொடர்ந்து ஓடும், பெயர்தான் வேறு. நூலகத் தளத்தில் பழைய பெயரைப் போட்டு 1985க்கு மேல் தேடினால் ஒன்றும் வராது. 'ஜர்னல் ஆஃப் எக்ஸ்பெரிமென்டல் சைக்காலஜி' 1975ல் நாலாகப் பிரிந்தது; அதில் ஒன்று 'லேர்னிங், மெமரி அண்ட் காக்னிஷன்'.

பொள்ளாச்சி வாசகர், 10 ஜூன், காலை 7.05

இவ்வளவு எதுக்குங்க? எச்-இண்டெக்ஸ்னு ஒரே எண் இருக்குதுல்ல. அதைப் போட்டாச் சோலி முடிஞ்சுது.

மருதமலைச் சாலை, 10 ஜூன், காலை 9.30

அந்த எண்ணைக் கையால் ஒருமுறை போட்டுப் பார்த்தால் அதன் எல்லை தெரியும். 2005ல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் கொண்டுவந்தது. குறைந்தது N மேற்கோள் வாங்கிய கட்டுரைகள் N இருந்தால் எண் N; அப்படி வரும் மிகப் பெரிய N. ஒருவருக்கு ஐந்து கட்டுரை, மேற்கோள் 40, 22, 9, 4, 3 என்று வைத்துக்கொள்வோம். நாலாவது கட்டுரைக்குக் குறைந்தது 4 மேற்கோள் இருக்கிறது, ஐந்தாவதுக்கு 5 இல்லை. ஆக எண் 4. இப்போது முதல் கட்டுரையின் 40 என்பதை 4,000 ஆக்குங்க. எண் அப்போதும் 4தான். ஒரு துறையையே திருப்பிப் போட்ட கட்டுரை இந்த எண்ணுக்குள் நுழையவே இடமில்லை.

அதோடு இந்த எண் இறங்காது. ஆள் எழுதுவதை நிறுத்தினாலும் ஏறும். கூகுள் ஸ்காலர் ஆய்வேடு, மாநாட்டுத் தாள் எல்லாவற்றையும் எண்ணுவதால் ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்தில் வரும் எண்ணைவிடப் பெரும்பாலும் கூடுதலாகக் காட்டும். எங்கிருந்து, எந்தத் தேதியில் எடுத்தது என்று சொல்லாமல் அந்த எண்ணை எழுதக் கூடாது.

மருதமலைச் சாலை, 10 ஜூன், காலை 9.50

திருத்தம். நேற்று இரவு எழுதியது அரைகுறை. 1975ல் பிரிந்தபோது அந்தப் பகுதிக்குப் பெயர் 'ஹியூமன் லேர்னிங் அண்ட் மெமரி'. 'லேர்னிங், மெமரி அண்ட் காக்னிஷன்' என்ற பெயர் 1982ல்தான் வந்தது. 1975க்கும் 1981க்கும் இடைப்பட்ட கட்டுரைகளை இன்றைய பெயரில் குறித்தால் தேர்வாளர் சிவப்பு மை போடுவார்.

கோபி வாசகி, 10 ஜூன், இரவு 9.10

சரிங்ணா, அட்டவணை ஆரம்பிச்சுட்டேன். முதல் கயிறு எடுத்துக்கறேன். ஆனா 1972ல வந்தது வெறும் நூல் அத்தியாயமுங்க. சோதனை ஒண்ணுமே இல்ல. இதை எந்தக் கணக்குல சேர்க்கறது? வெளியீட்டுக்கு மதிப்பெண் போடற நம்ம ஊருப் புள்ளிக் கணக்குல அத்தியாயத்துக்கு மதிப்பே கம்மிதானுங்களே.

மருதமலைச் சாலை, 10 ஜூன், இரவு 11.20

அதைத்தான் முதல் பக்கத்தில் எழுதணும். அவர் பெயரைச் சொன்னாலே எல்லாருக்கும் நினைவுக்கு வருகிற பிரிவு, அவரே டொனால்ட்சனோடு சேர்ந்து தொகுத்த நூலில் ஓர் அத்தியாயமாக வந்தது. தரவு இல்லை. 'பொருள் நினைவு' என்ற பெயர்கூட அவருடையது இல்லை. குவிலியன் என்ற ஆய்வாளர் 1960களில் பயன்படுத்தியதை எடுத்துக்கொண்டு, அதற்கு எதிரில் 'நிகழ்வு நினைவு' என்று ஒன்றை நிறுத்தினார். நேற்று கோபிச் சந்தையில் யாரைப் பார்த்தேன் என்பது நிகழ்வு நினைவு. கோபி ஈரோடு மாவட்டத்தில் இருக்கிறது என்பது பொருள் நினைவு. அதை என்றைக்குக் கற்றோம் என்று யாருக்கும் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

அந்த அத்தியாயத்தில் அவர் எவ்வளவு நிதானமாகப் பேசுகிறார் என்று பாருங்க. இரண்டு அமைப்பு என்று சொல்வது பேச்சு வசதிக்காகத்தான், இரண்டும் உள்ளே தனித்தனியாக இருக்கின்றன என்ற ஆழ்ந்த நம்பிக்கையால் இல்லை என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறார். 1983ல் நிகழ்வு நினைவு பற்றித் தனி நூல் வரும்போது அந்தத் தயக்கம் போய்விட்டது: இரண்டும் வேறு வேறு அமைப்பு என்று வாதாடுகிறார். 1984ல் அந்த நூலின் சுருக்கம் 'பிஹேவியரல் அண்ட் பிரெய்ன் சயின்ஸஸ்' இதழில் வந்தது. அந்த இதழின் வழக்கப்படி பலர் மறுப்பும் கருத்தும் எழுத, கடைசியில் அவர் பதில் எழுதினார். அதில்தான் திருப்பம். பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு அமைப்பு என்பதை விட்டுவிட்டு, பொருள் நினைவுக்குள்ளிருந்து நிகழ்வு நினைவு முளைக்கிறது என்ற படிநிலைக்கு வருகிறார். 1985ல் 'அமெரிக்கன் சைக்காலஜிஸ்ட்' கட்டுரையில் அது மூன்று படி: அடியில் செயல்முறை நினைவு (செய்து பழகிய திறன்), அதன்மேல் பொருள், அதன்மேல் நிகழ்வு.

அதே 1985ல் நனவு பற்றிய இன்னொரு கட்டுரை 'கனேடியன் சைக்காலஜி'யில். ஒரு சொல்லை 'நினைவிருக்கிறது' என்கிறோமா, 'தெரியும்' என்கிறோமா என்று பங்கேற்பாளரையே பிரித்துச் சொல்ல வைக்கும் முறை அங்கிருந்து வருகிறது. 2002ல் 'ஆனுவல் ரிவ்யூ ஆஃப் சைக்காலஜி'யில் மறுபடி எழுதும்போது, நிகழ்வு நினைவுக்கு வரையறையே மாறியிருக்கிறது. 1972ல் அது எந்த வகைத் தகவல் என்ற கேள்வி. 2002ல் கடந்த காலத்துக்கு மனத்தால் திரும்பிப் போய், 'அது எனக்கு நடந்தது' என்று உணர முடிகிறதா என்ற கேள்வி.

1972ஐ மட்டும் மேற்கோள் காட்டி 'டல்விங்கின் வரையறை' என்று எழுதுகிற ஆய்வேடுகள் ஏராளம். இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் தேடினால் நீங்களே பார்க்கலாம். முப்பது ஆண்டுத் திருத்தத்தை விட்டுவிட்டு முதல் வரைவைப் படிப்பது அது. மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

மருதமலைச் சாலை, 11 ஜூன், காலை 6.45

புள்ளிக் கணக்கு பற்றிக் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன். யூஜிசி ஏற்ற இதழ்களைக் காட்டிய யூஜிசி-கேர் பட்டியல் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. ஆய்வேடு ஒப்படைக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆகணும் என்ற கட்டாயம் 2022 விதிகளிலேயே எடுக்கப்பட்டுவிட்டது. பல்கலைக்கழகம் தானாக வைத்திருந்தால் மட்டும் உண்டு, உங்க விதிப் புத்தகத்தைப் பாருங்க. இதை உங்க 15 பக்கத்தில் கலக்க வேண்டாம்.

சென்னிமலை, 11 ஜூன், மதியம் 1.20

பேர் விஷயம் ஒண்ணு சொல்லிடறேனுங்க. டல்விங்னு பேர் அபூர்வம், அதனால பொழைச்சீங்க. நம்ம ஆளுக பட்டியல் எடுத்தாத்தான் தலைவலி. இனிஷியல் முன்னாடி ஒரு கட்டுரையில, பின்னாடி ஒரு கட்டுரையில. செந்தில்குமார்னு ஒட்டி ஒண்ணு, செந்தில் குமார்னு பிரிச்சு ஒண்ணு. அப்பா பேரைக் குடும்பப் பேரா எடுத்துக்கிட்டு ஒண்ணு. ஸ்கோபஸ்ல ஒரே ஆள் மூணு ஆளா நிப்பாரு.

மருதமலைச் சாலை, 11 ஜூன், மாலை 4.00

முக்கியமான விஷயம், நன்றிங்க. எதிர்த்திசையிலும் நடக்கும்: 'எஸ். குமார்' என்ற பெயரில் மூன்று துறைக்காரர்கள் ஒரே ஆளாகச் சேர்ந்துவிடுவார்கள், நினைவாற்றல் ஆய்வாளரின் பட்டியலில் கான்கிரீட் கலவை பற்றிய கட்டுரை வந்து உட்காரும். சரிபார்க்க மூன்று பிடி இருக்கிறது. ஆர்கிட் எண் (ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனி அடையாள எண்), 16 இலக்கம், 2012ல் இருந்து தருகிறார்கள். கட்டுரையில் போட்டிருக்கும் நிறுவனப் பெயர். கூட எழுதியவர்கள் யார் என்பது. இதுதான் ரொம்ப நம்பகம், ஒரே துறைக்காரர்கள் திரும்பத் திரும்ப வருவார்கள். கோபி அம்மிணி, உங்க முதல் கட்டுரைக்கு முன்னாடியே ஆர்கிட் எடுத்து, பெயரை எப்படி எழுதுவது என்று ஒருமுறை முடிவு செய்து வெச்சுக்குங்க.

ஒவ்வொரு வரிக்கும் டிஓஐ எண்ணை (கட்டுரையின் நிலையான அடையாள எண்) போட்டு, திரும்பப் பெறப்பட்டதா என்றும் பார்த்துவிடுங்க. திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைத் தொகுக்கும் ரிட்ராக்ஷன் வாட்ச் தரவுத்தளம் 2023ல் இருந்து, டிஓஐ பதியும் அமைப்பான கிராஸ்ரெஃப் கையில், இலவசம்.

கோபி வாசகி, 12 ஜூன், இரவு 8.30

ரெண்டாவது கயிறையும் எடுக்கலாம்னு இருக்கேனுங்ணா. குறிப்புக் கொள்கை. 1973 கட்டுரை படிச்சேன், சோதனை தலைகீழா இருக்குது. அடையாளம் தெரியாத சொல்லை எப்படிங்க ஞாபகத்துக்குக் கொண்டுவர முடியும்?

மருதமலைச் சாலை, 12 ஜூன், இரவு 10.50

தலைகீழாகத் தெரிவதால்தான் அந்தக் கட்டுரை நிலைத்தது. படியாகப் பாருங்க. தாம்சனும் டல்விங்கும் கொடுத்தது சோடிச் சொற்கள். படிக்க வேண்டிய சொல் 'நாற்காலி' என்றால், கூட இருப்பது அதற்குச் சம்பந்தம் குறைந்த 'பசை'. படித்தாயிற்று. அடுத்து, 'மேசை' என்று ஒரு புதுச் சொல்லைக் கொடுத்து மனதில் தோன்றுவதை எல்லாம் எழுதச் சொல்கிறார்கள். பெரும்பாலானோர் தாமாகவே 'நாற்காலி' என்று எழுதுவார்கள். பிறகு, எழுதியதில் முன்னால் படித்த சொல் எது என்று வட்டம் போடச் சொன்னால், பல பேர் தம் கையால் எழுதிய 'நாற்காலி'யை விட்டுவிடுகிறார்கள். கடைசியில் 'பசை'யைக் கொடுத்தால் 'நாற்காலி' வந்துவிடுகிறது. கண்முன் இருக்கும் சொல்லையே தவறவிட்டவர், அது இல்லாதபோது பழைய குறிப்பைக் கொண்டு எடுத்துவிடுகிறார். நினைவில் இருப்பது அந்தச் சொல் மட்டும் இல்லை, அது படிக்கப்பட்ட அந்தச் சூழல் என்பது இதிலிருந்து வரும் முடிவு.

இது ஒரே கட்டுரையில் குதித்து வந்ததில்லை. உங்க தாளில் 1966ல் பேர்ல்ஸ்டோனோடு எழுதியதைப் போடுங்க: பட்டியலைப் படித்தவர்களுக்கு வகைப்பெயரைக் குறிப்பாகக் கொடுத்ததும் கூடுதல் சொற்கள் வந்தன, ஆக இருப்பது வேறு எட்டுவது வேறு. பிறகு 1968ல் ஆஸ்லரோடு. 1970ல் தாம்சனோடு, வலுவான குறிப்பு, வலுவில்லாத குறிப்பு. அப்புறம்தான் 1973. ஏழாண்டில் நாலு படி; மேற்கோள் வரிசையில் பார்த்தால் 1973 மட்டும் தனியாக வானத்திலிருந்து விழுந்த மாதிரி இருக்கும்.

பொள்ளாச்சி வாசகர், 13 ஜூன், காலை 8.00

இதைத் தமிழ்ல அப்படியே மொழிபெயர்த்துச் செஞ்சு பாக்கலாம்னு தோணுதுங்க. ஒரு வகுப்புல 40 பேர் இருக்காங்க.

மருதமலைச் சாலை, 13 ஜூன், இரவு 9.40

செய்யுங்க, ஆனால் மொழிபெயர்க்காதீங்க. ஆங்கிலத்தில் 'மேசை' என்றால் 'நாற்காலி' வரும் என்பது அளந்து வைத்த பட்டியல். தமிழில் முதலில் அதை அளக்கணும். சோதனைக்கு வராத வேறு மாணவர்கள் 100 பேரிடம், சொல்லுக்கு ஒரே ஒரு பதில் கேட்டு எண்ணுங்க. கொங்குப் பக்கம் 'மேசை' என்று கொடுத்தால் 'சேர்' என்று வரும், 'நாற்காலி' என்று வராது. 'சேர்' சரியா தவறா என்று விடைத்தாள் திருத்தும் முன்பே எழுதி வைக்கணும். பிறகு முடிவு செய்தால், வேண்டிய விடை வருகிற பக்கம் கை தானாகச் சாயும்.

1975ல் கிரெய்க்கும் டல்விங்கும் எழுதிய கட்டுரையைத் தமிழுக்குக் கொண்டுவருவது இன்னும் சிக்கல். பத்துச் சோதனை ஒரே கட்டுரையில். சொல்லைக் காட்டுவதற்கு முன் ஒரு கேள்வி: பெரிய எழுத்தில் இருக்கிறதா? இன்ன சொல்லோடு ஒலி இயைகிறதா? இந்த வாக்கியத்தில் பொருந்துமா? பொருளைக் கேட்டால் நினைவு கூடுகிறது. தமிழில் பெரிய எழுத்து சின்ன எழுத்து கிடையாது. தடித்த எழுத்தா என்று கேட்கலாம். ஒலி இயைபுக்கு ஆங்கிலம் சொல்லின் கடைசியைப் பார்க்கிறது. நம் காது இரண்டாம் எழுத்தில் எதுகையைத் தேடிப் பழகியது. 'பாடம், மாடம்' போல இரண்டும் ஒத்துவரும் சோடிகளை மட்டும் எடுத்தால் தப்பிக்கலாம்.

ஆறாவது பத்தியில் இதற்கு ஒரு வரி: 1977ல் மாரிஸ், பிரான்ஸ்ஃபர்ட், ஃபிராங்ஸ் மூவரும் கடைசித் தேர்வையே ஒலி இயைபுத் தேர்வாக வைத்தார்கள். அப்போது ஒலியைக் கவனித்துப் படித்தவர்கள் முந்தினார்கள். ஆழமாகப் படித்தால் எப்போதும் நல்லது என்பது அதோடு அப்படியே நிற்கவில்லை.

சென்னிமலை, 14 ஜூன், காலை 10.10

எங்கூர்ல பெரியவங்களுக்கு எண்ணிக்கைத் தேர்வு வெச்சாங்க, எண்களைக் கேட்டு அப்படியே திருப்பிச் சொல்றது. ஏழு எண் வரணும்னு சொல்றாங்க, நம்மாளுக அஞ்சுலயே நின்னுடறாங்க. நினைவு கம்மியா?

மருதமலைச் சாலை, 14 ஜூன், மதியம் 12.30

அந்த முடிவுக்கு அவசரமாகப் போகக் கூடாதுங்க. 1980ல் எல்லிஸும் ஹெனலியும் வேல்ஸில் இதையே பார்த்தார்கள்: வெல்ஷ் மொழியில் எண்பெயர்களைச் சொல்ல நேரம் கூடுதல், அதனால் எண்ணிக்கை குறைந்தது, நினைவில் குறை இல்லை. தமிழில் 'இரண்டு' மூன்று சிலபிள், 'ரெண்டு' இரண்டு சிலபிள். தேர்வு வைப்பவர் 'ஒன்று, இரண்டு' என்று வாசித்து, பெரியவர் 'ஒண்ணு, ரெண்டு' என்று மனதில் ஓட்டினால் இடையில் மாற்றும் வேலை சேர்கிறது. இளையவர்கள் போன் நம்பரை ஆங்கிலத்தில் சொல்லிப் பழகியவர்கள். காதில் 'ஏழு' விழும், உள்ளே 'செவன்' ஓடும். எந்த வடிவம் என்று முன்பே முடிவு செய்து, நொடிக்கு ஒரு எண் வீதம் பதிவு செய்த குரலைப் போட்டு, முடிந்ததும் 'மனசுக்குள்ள எப்படிச் சொல்லிப் பாத்தீங்க?' என்று கேட்டுக் குறிக்கணும். தமிழ் எண்ணிக்கையை ஆங்கில அட்டவணையோடு ஒப்பிடவே கூடாது. பெரியவர் ஒருவருக்கு மறதி என்று முத்திரை குத்துகிற விஷயம் இது.

காங்கேயம் வாசகர், 14 ஜூன், இரவு 7.45

உடுக்கடிச்சு அண்ணன்மார் கதை பாடுறவங்க ராத்திரி ராத்திரியாப் பாடுறாங்களே, அது எந்த நினைவுங்க?

மருதமலைச் சாலை, 14 ஜூன், இரவு 9.15

டல்விங் பிரிவில் ஒரே பெட்டியில் அடங்காது. கதை பொருள் நினைவு. விரல் உடுக்கையில் விழுவது செயல்முறை. இந்த அடியை எந்தத் திருவிழாவில் யாரிடம் கேட்டுப் பிடித்தேன் என்பது நிகழ்வு நினைவு. உடுக்கைத் தாளம் குறிப்பாகவும் வேலை செய்யலாம்: பதியும்போது கூட இருந்தது அதுதானே. மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1960களில் காங்கேயம் பக்கம் அந்தக் கதையை ஒலிப்பதிவு செய்தார். ஒரே பாடகர் உடுக்கையோடு பாடியதையும், உடுக்கை இல்லாமல் சொன்னதையும் வரிக்கு வரி ஒப்பிட்டு யாராவது ஆய்வு எடுத்தால் சந்தோஷப்படுவேன். பாடுபவர்கள் இருக்கும்போதே செய்யணும்.

மருதமலைச் சாலை, 15 ஜூன், காலை 7.20

12ஆம் தேதி எழுதியதில் ஒரு இடம் உறுத்துகிறது. 'சூழல்' என்ற சொல்லை அகலமாகப் போட்டுவிட்டேன். 1973 காட்டுவது கூடப் படித்த சொல்லின் வேலையை. இடம், அறை, தண்ணீர் என்று நீட்டியது வேறு வரிசை. 1975ல் காடனும் பாட்லியும் முக்குளிப்பவர்களைக் கரையிலும் நீருக்கடியிலும் சொற்களைப் படிக்க வைத்து, படித்த இடத்திலேயே நினைவுகூர்ந்தால் கூடுதல் என்று காட்டினார்கள். பாடநூல் எல்லாவற்றிலும் படத்தோடு இருக்கும். 2021ல் முர்ரே திரும்பச் செய்தபோது அந்த விளைவு வரவில்லை. இரண்டையும் ஒரே வரியில் எழுதினால் ஒன்றின் பலவீனம் மற்றதன் மேல் ஏறும். தனித்தனி வரியாக வைங்க.

டல்விங் குழுவின் 1994 கட்டுரை வரியும் அப்படித்தான்: பதிவுக்கு இடப்பக்க முன்மூளை, மீட்புக்கு வலப்பக்கம் என்ற மாதிரி. அன்றைய பெட் ஸ்கேன் (மூளை வேலை செய்வதைப் படமெடுக்கும் முறை) ஆய்வுகளில் ஆட்கள் குறைவு, சொல்தான் பெரும்பாலும் பயன்பட்டது. பதிவின்போது சொல்லுக்கு ஒரு பக்கமும் முகத்துக்கு இன்னொரு பக்கமும் கூடுதலாக வேலை செய்வதைப் பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின.

கோபி வாசகி, 16 ஜூன், இரவு 10.05

அட்டவணை முடிச்சுட்டேனுங்ணா, படம் போட்டிருக்கேன். நோயாளிகள் ரெண்டு வரி வருது: 1985ல என்.என்., 1991ல கே.சி. ரெண்டு பேருக்கும் நிகழ்வு நினைவு போயி பொருள் நினைவு தங்கியிருக்குது. ஒருத்தருக்கு ரெண்டு பேர் ஆதாரம்னு எழுதட்டுங்களா?

மருதமலைச் சாலை, 16 ஜூன், இரவு 10.30

நிறுத்துங்க, அவங்க இரண்டு பேர் இல்லை. 1985 கட்டுரையின் என்.என்.தான் பின்னால் கே.சி. 1981ல் மோட்டார் சைக்கிள் விபத்தில் அடிபட்டவர், 2014ல் இறந்தார். 1991ல் ஹேமனும் மெக்டொனால்டும் டல்விங்கும் அவருக்குப் புதுத் தகவலைக் கற்றுக்கொடுக்க முடியும் என்று காட்டியது அதே ஆளிடம்தான். 2005ல் ரோசன்பாமும் மற்றவர்களும் 'நியூரோசைக்காலஜியா'வில் அவரைப் பற்றிய எல்லாவற்றையும் தொகுத்திருக்கிறார்கள். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிகளைச் சேருங்க. எத்தனை கட்டுரை வந்தாலும் மூன்றாவது பத்தியில் எண் 1.